அவர்கள் வீட்டில் டிஸ்லெக்சியா, நம் வீட்டில் மரமண்டை

ஒரே பிழைதான். ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் ‘கடல்’ எழுதச் சொன்னால் ‘கலட’ என்று எழுதுகிற பிள்ளை. கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது பாதி வரியை விட்டுவிடுகிற பிள்ளை. வாயால் கேட்டால் கதையை முழுசாகச் சொல்லிவிட்டு, புத்தகத்தைக் கையில் கொடுத்தால் முதல் வரியிலேயே நின்றுவிடுகிற பிள்ளை. பிறந்த வீட்டைப் பொறுத்து இந்தப் பிள்ளைக்கு இரண்டு பெயர்களில் ஒன்று கிடைக்கிறது.

மாநகரத்தில் வசதியான வீட்டில் பிறந்திருந்தால் பெயர் டிஸ்லெக்சியா. வகுப்பாசிரியர் தாயைத் தனியாக அழைத்துப் பேசுவார். உளவியலாளரிடம் நேரம் வாங்குவார்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்துச் சோதனை, ஆங்கிலத்தில் பத்துப் பக்க ரிப்போர்ட், வாரம் இருமுறை சிறப்புப் பயிற்சி. அரசு மருத்துவமனை சான்றிதழும் வந்து சேரும். பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், பிள்ளை சொல்லச் சொல்ல எழுத ஒருவர், மொழிப்பாடம் ஒன்றிலிருந்து விலக்கு. இவ்வளவும் அந்தப் பிள்ளையின் உரிமை. அதில் நமக்குக் காழ்ப்பு ஏதும் இல்லை.

சேரியில் பிறந்திருந்தால் பெயர் மக்கு. மரமண்டை. ‘இதுங்களுக்கெல்லாம் எங்க ஏறப்போகுது.’ கடைசி பெஞ்சு, அல்லது கூட்டுமாறு. ‘ஒனக்கென்னடா, கோட்டா இருக்கு’ என்று ஒரு நக்கல். ஒன்பதாம் வகுப்போடு சித்தாள் வேலை, பனியன் கம்பெனி, கேட்டரிங். அவர்கள் வீட்டில் ஒரு பிள்ளை எழுத்தை மாற்றிப் போட்டால், ஐன்ஸ்டீனுக்கே டிஸ்லெக்சியா இருந்ததாமே என்று ஆதாரமில்லாத ஒரு கதையாவது துணைக்கு வந்துவிடுகிறது. நம் வீட்டுப் பிள்ளை எழுத்தை மாற்றிப் போட்டால் அவன் அப்பன் செய்த தொழிலைத்தான் நினைவுபடுத்துகிறார்கள்.

மூளையில் எழுத்தும் ஒலியும் சேருகிற இடத்தில் உள்ள ஒரு வேறுபாடு சாதி பார்த்து வருவதில்லை. அதைக் கண்டுபிடிக்கிற கண்தான் சாதி பார்க்கிறது. இந்தக் கட்டுரை அந்தக் கண்ணைப் பற்றியது.

சட்டம் என்ன சொல்கிறது

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழே ஏழு வகைகள்தான் இருந்தன. கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. வாசிப்பில் வரும் டிஸ்லெக்சியா, எழுதுவதில் வரும் டிஸ்கிராஃபியா, கணக்கில் வரும் டிஸ்கால்குலியா ஆகியவை ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள்’ என்ற பெயரில் உள்ளே வந்தன. சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது.

அதன் 16ஆவது பிரிவு, கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து தகுந்த கற்பித்தல் முறைகளால் ஈடுசெய்ய வேண்டும் என்று கல்வி நிறுவனங்களுக்குக் கடமை விதிக்கிறது. 17ஆவது பிரிவு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பள்ளிக் குழந்தைகளிடம் கணக்கெடுப்பு நடத்தி, யாருக்கு என்ன தேவை, அது எந்த அளவுக்குக் கிடைக்கிறது என்று பார்க்கச் சொல்கிறது. முதல் கணக்கெடுப்பு இரண்டாண்டுக்குள், அதாவது 2019 ஏப்ரலுக்குள் முடிந்திருக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பள்ளிக்கு அப்படி யாராவது வந்தார்களா? ஊர்ப்பக்கமே வராதவர்கள் சேரிப்பக்கம் வந்திருப்பார்களா?

2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் தெளிவாகப் பேசியது. அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, ஒவ்வொன்றிலும் தலைமையாசிரியர் தலைமையில் ஒரு கண்டறிதல் குழு இருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பிலோ எட்டு வயதிலோ, எது முந்தியோ அப்போது, ஆசிரியர்களே முதற்கட்ட சோதனை செய்ய வேண்டும். சந்தேகம் இருந்தால் பெற்றோரிடம் சொல்லி, மருத்துவக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். இது பள்ளி மனமிரங்கிச் செய்கிற உதவி அல்ல, கடமை.

இதைப் படிக்கிறவர்களில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் இருப்பீர்கள். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் பணியாற்றுகிறவர்களும் இருப்பீர்கள். உங்கள் பள்ளியில் அந்தக் குழு இருக்கிறதா? அது கடைசியாக என்றைக்குக் கூடியது? பதிவேடு இருக்கிறதா? இந்த மூன்று கேள்விகளையும் நான் கேட்டுப் பார்த்த இடங்களிலெல்லாம் கிடைத்த பதில் ஒன்றுதான்: ‘அப்படி ஒரு குழுவா?’

ஆசிரியர்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. இரண்டு பேர் ஐந்து வகுப்புகளைப் பார்க்கிற பள்ளியில், எமிஸ் பதிவேற்றத்திலேயே பாதி நாள் போகிற பள்ளியில், இன்னுமொரு குழுவை யார் நடத்துவது? ஆனால் அந்தப் பள்ளியில் யார் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். காசு இருக்கிறவர்கள் தனியார் பள்ளிக்குப் போய்விட்டார்கள். சட்டத்தின் கடமை தவறுகிறபோது அடி விழுவது மிச்சம் இருக்கிறவர்கள் மேல்தான்.

அரும்பிலேயே நிற்கிற பிள்ளை

2022இல் தமிழ்நாடு அரசு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. கொரோனா கால இழப்பை ஈடுகட்ட வந்த நல்ல திட்டம். அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். அழகான பெயர்கள்.

ஆனால் ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பிலும் அரும்பு, இரண்டாம் வகுப்பிலும் அரும்பு, மூன்றாம் வகுப்பிலும் அரும்பு என்று இருந்தால், அடுத்து என்ன? ஆசிரியரிடம் தரவு இருக்கிறது. செயலியில் பதிவாகியிருக்கிறது. சென்னையில் ஒரு கணினியில் அந்தப் பிள்ளை ஒரு புள்ளியாக இருக்கிறது. இந்தப் பிள்ளை ஏன் நகரவில்லை? பசியா, கண் பார்வையா, காது கேட்கவில்லையா, வாரத்தில் மூன்று நாள் அம்மாவோடு கரும்பு வெட்டப் போகிறதா, வகுப்பில் யாராவது சாதி சொல்லித் திட்டுகிறார்களா, அல்லது கற்றல் குறைபாடா? இதைக் கேட்கிற படி அந்த ஏணியில் இருக்க வேண்டும். எழுத்து தெரியாத பிள்ளைகளை எண்ணத் தெரிந்த அரசுக்கு, ஏன் தெரியவில்லை என்று கேட்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. இரண்டாண்டு ஒரே நிலையில் நிற்கிற ஒவ்வொரு பிள்ளையையும் கண்டறிதல் குழுவிடம் அனுப்ப ஒரு சுற்றறிக்கை போதும்.

அப்படிச் செய்தால் இன்னொன்றும் வெளியே வரும். எந்தப் பள்ளிகளில் அரும்புகள் அதிகம், எந்தத் தெருப் பிள்ளைகள் அரும்பிலேயே நிற்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

85 என்ற வாசற்படி

சரி, ஒரு நல்ல ஆசிரியர் கவனித்து அனுப்பிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து சோதனை.

2018 வழிகாட்டுதலின்படி முதலில் அறிவுத்திறன் சோதனை. அதில் 85க்கு மேல் வாங்கினால்தான் கற்றல் குறைபாட்டுக்கான சோதனைக்கே போக முடியும் என்று வைத்தார்கள். அதாவது, ‘இந்தப் பிள்ளை புத்திசாலி, ஆனாலும் படிக்க வரவில்லை’ என்று முதலில் நிரூபிக்க வேண்டும். 70க்குக் கீழே போனால் அறிவுசார் குறைபாடு என்று வேறொரு சான்றிதழ். இரண்டுக்கும் நடுவே நிற்கிற பிள்ளைக்கு எந்தச் சான்றிதழும் இல்லை. அதற்கு ‘மெதுவாகக் கற்பவர்’ என்று பெயர் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

அந்தச் சோதனை எது? நம் நாட்டில் பரவலாகப் பயன்படுவது மாலின் என்பவர் அமெரிக்காவின் வெச்ஸ்லர் சோதனையைத் தழுவி 1960களின் இறுதியில் உருவாக்கியது. பொது அறிவு, சொல்வளம், ஒப்புமை என்று கேள்விகள் போகும். வீட்டில் செய்தித்தாள் வருகிற பிள்ளையும், வீட்டில் ஒரு தாள்கூட இல்லாத பிள்ளையும் ஒரே அளவுகோலில் நிற்க வேண்டும். பொதுவாகத் தேர்வுகளில் நாம் கேட்கிற அதே ‘தகுதி, திறமை’ வாதம் இங்கே வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. கற்றல் குறைபாட்டு ஆய்வுலகமே இந்த இடத்தை விட்டு நகர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. 2011இல் தனகா, ஹோஃப்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ‘சைக்கலாஜிக்கல் சயின்ஸ்’ இதழில் மூளைப் படங்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அறிவுத்திறன் மதிப்பெண் அதிகமாக இருந்து வாசிக்கத் திணறும் பிள்ளைகளையும், மதிப்பெண் குறைவாக இருந்து வாசிக்கத் திணறும் பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். வாசிக்கும்போது இரு பிரிவினரின் மூளையும் ஒரே மாதிரிதான் திணறியது. அமெரிக்கக் கல்விச் சட்டம் 2004 திருத்தத்திலேயே, அறிவுத்திறனுக்கும் படிப்புக்கும் இடைவெளி காட்டியாக வேண்டும் என்று மாநிலங்கள் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு அந்த இடைவெளி நிபந்தனையைக் கைவிட்டு, தகுந்த உதவி கொடுத்த பிறகும் ஆறு மாதத்திற்கு மேல் சிரமம் நீடிக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. அங்கே கழற்றி வீசிய பூட்டை இங்கே 2018இல் நம் வாசலில் மாட்டினார்கள்.

அடுத்தது மொழி. அந்த வழிகாட்டுதல் சொன்ன நிம்ஹான்ஸ் சோதனைத் தொகுப்பு, அடிப்படையில் ஆங்கில வழிப் பள்ளிக் குழந்தைகளுக்காக எழுந்தது. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆய்வு மையம் இந்திய மொழிகளுக்காக ‘டாலி’ என்ற கருவியை 2015இல் வெளியிட்டபோது அதில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் இருந்தன. தமிழ் இல்லை.

தமிழில் வாசிப்பு வேறு மாதிரி. 247 எழுத்துகள். ஒரே ‘க’ இடத்தைப் பொறுத்து வேறு வேறாக ஒலிக்கும். ல, ள, ழ, ர, ற, ந, ன, ண என்று மயங்க இடம் உண்டு. பேசுகிற தமிழ் ஒன்று, புத்தகத் தமிழ் இன்னொன்று. கன்னட எழுத்துகளைப் பிள்ளைகள் கற்கும் வேகத்தை ஆராய்ந்த சோனாலி நாக், ஆங்கிலத்தின் 26 எழுத்துகளைப் போல ஓரிரு ஆண்டில் இது முடிவதில்லை, தொடக்கப்பள்ளிக் காலம் முழுக்க நீள்கிறது என்று காட்டியிருக்கிறார். தமிழும் அந்தக் குடும்பம்தான். அப்படியானால் எது தாமதம், எது குறைபாடு என்று தமிழிலேயே அளந்து பார்க்காமல் எப்படிச் சொல்வீர்கள்? அதுவும் எந்தத் தமிழில்? சேரித் தமிழில் பேசுகிற பிள்ளை புத்தகத் தமிழைப் படிக்கும்போது எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்று யாராவது அளந்தார்களா? ‘ஒழுங்காப் பேசு’ என்று அதட்டுவதுதான் இதுவரை நடந்த அளவீடு.

பேரைச் சொன்னதும் சரிகிற மதிப்பெண்

இங்கே ஒரு பழைய ஆய்வை நினைவுபடுத்த வேண்டும். கார்லா ஹோஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியலாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமத்தில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களிடம் காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். யார் என்ன சாதி என்று சொல்லாதபோது தலித் சிறுவர்களும் உயர்த்தப்பட்ட சாதிச் சிறுவர்களும் ஏறத்தாழ ஒரே மாதிரி செய்தார்கள். பெயர், அப்பன் பெயர், தாத்தன் பெயர், சாதி என்று எல்லாவற்றையும் உரக்க வாசித்த பிறகு செய்யச் சொன்னபோது தலித் சிறுவர்களின் எண்ணிக்கை சரிந்தது. 2006இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ’ இதழில் இதைப் பற்றி எழுதினார்கள்.

அதே மூளை, அதே காகிதம், அதே பென்சில். சாதியை உரக்கச் சொன்னதுதான் இடையில் நடந்த ஒரே மாற்றம். நம் பள்ளிகளில் அது தினமும் நடக்கிறது. உதவித்தொகைப் படிவம் கொடுக்கும்போது ‘எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திரு’ என்று நிற்கவைத்துத்தானே கொடுக்கிறார்கள்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்களும் பள்ளி மாணவர்கள். அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அதில் பிள்ளைகளின் சாதி விவரத்தை வகுப்பறையில் வெளிப்படுத்தக் கூடாது என்ற அடிப்படை விஷயத்தைக்கூடப் பரிந்துரையாக எழுத வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட பள்ளியில் படித்துவிட்டு வருகிற பிள்ளையின் மதிப்பெண் 82 என்றால், அது அந்தப் பிள்ளையின் அறிவா, அந்தப் பள்ளியின் அறிவா?

கறுப்பின மக்கள் இந்தப் பாதையில் முன்பே நடந்திருக்கிறார்கள்

நம் தோழர்கள் சிலர் கேட்பார்கள்: ‘இது மேட்டுக்குடி வியாதி. நம் பிள்ளைகளின் பிரச்சினை மோசமான பள்ளியும் பசியும் சாதியும்தான். அவர்கள் மேல் ஊனம் என்ற முத்திரையையும் நீங்களே குத்துகிறீர்களா?’

நியாயமான அச்சம். வரலாறு அந்த அச்சத்திற்குச் சாட்சி சொல்கிறது. 1971இல் லண்டனில் பெர்னார்ட் கோர்ட் என்ற கிரெனடா நாட்டு ஆசிரியர் ஒரு சிறு நூல் எழுதினார். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறிய கறுப்பினப் பிள்ளைகளைக் கல்வியில் கீழ்நிலையினர் என்று முத்திரை குத்தித் தனிப் பள்ளிகளுக்குத் தள்ளுவதை அம்பலப்படுத்தினார். அதே ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் கறுப்பினப் பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். லாரி பி. வழக்கு என்று அதற்குப் பெயர். கலிஃபோர்னியா பள்ளிகளில் பத்தில் ஒருவராக இருந்த கறுப்பினப் பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றியோர் வகுப்புகளில் நான்கில் ஒருவராக இருந்தார்கள். அவர்களை அங்கே அனுப்பியது அறிவுத்திறன் சோதனை. 1979இல் நீதிபதி பெக்கம், அந்தச் சோதனையை வைத்துக் கறுப்பினப் பிள்ளைகளை அந்த வகுப்புகளுக்கு அனுப்பக் கூடாது என்று தீர்ப்பளித்தார்.

கதையின் மறுபாதியையும் படிக்க வேண்டும். ‘கற்றல் குறைபாடு’ என்ற சொல்லை 1963இல் சிகாகோவில் கூடிய பெற்றோர் மாநாட்டில் சாமுவேல் கர்க் முன்வைத்தார். கூடியிருந்தவர்கள் பெரும்பாலும் வசதியான வெள்ளையினப் பெற்றோர். தங்கள் பிள்ளைகளைக் கறுப்பினப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் நிறைந்த அந்த வகுப்புகளிலிருந்து பிரித்துக்காட்ட அவர்களுக்கு ஒரு கௌரவமான பெயர் தேவைப்பட்டது என்று கிறிஸ்டின் ஸ்லீட்டர் 1986இல் எழுதினார். 1975ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின் வரையறையே, சூழலால், பண்பாட்டால், பொருளாதாரத்தால் வந்த பின்னடைவு கற்றல் குறைபாடு ஆகாது என்று விலக்கு வைத்தது. மேலுக்கு நியாயமாகத் தெரியும். நடைமுறையில், ஏழைப் பிள்ளை படிக்கவில்லை என்றால் ஏழ்மை காரணம், பணக்காரப் பிள்ளை படிக்கவில்லை என்றால் மூளை காரணம் என்று ஆகிவிட்டது. ஏழ்மையும் டிஸ்லெக்சியாவும் ஒரே பிள்ளைக்கு இருக்கக் கூடாதா?

2015இல் பால் மார்கனும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும், ஒரே அளவு சிரமம் உள்ள பிள்ளைகளை ஒப்பிட்டால் கறுப்பினப் பிள்ளைகளுக்குத்தான் சிறப்புக் கல்வி உதவி குறைவாகக் கிடைக்கிறது என்று எழுதினார்கள். பெரிய சண்டை மூண்டது, இன்னும் ஓயவில்லை. இந்தச் சண்டை நமக்குச் சொல்வது ஒன்றுண்டு. அதிகாரம் உள்ளவர்கள் கையில் முத்திரை இருக்கும்வரை, ஒதுக்கித் தள்ள வேண்டிய இடத்தில் நம் பிள்ளைக்கு அதை அள்ளி வழங்குவார்கள். உதவி கிடைக்கிற இடத்தில் கிள்ளிக்கூடக் கொடுக்க மாட்டார்கள். நாம் இரண்டையும் சேர்த்தே எதிர்க்க வேண்டும். ஆகவே அந்தத் தோழர்களுக்கு என் பதில்: முத்திரை ஏற்கனவே குத்தப்பட்டுவிட்டது. மக்கு என்பது முத்திரை இல்லையா? அந்த முத்திரைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருவார்களா? மேல்முறையீடு உண்டா? சட்டத்தில் உள்ள பெயரோடு உரிமை வருகிறது. தெருவில் உள்ள பெயரோடு அடிதான் வருகிறது.

2007இல் வந்த ‘தாரே ஜமீன் பர்’ படத்தைப் பார்த்து நாடே அழுதது. நல்ல படம்தான். அந்தச் சிறுவனின் பெயர் இஷான் அவஸ்தி. அவஸ்தி என்பது வட இந்தியப் பார்ப்பனக் குடும்பப் பெயர். அவனுக்கு ஓவியம் வரும், அவனைப் புரிந்துகொள்ள ஓர் ஆசிரியர் வருவார், எல்லோரும் கைதட்டுவார்கள். ஓவியமும் வராத, எந்தச் சிறப்புத் திறமையும் இல்லாத, வெறுமனே வாசிக்கச் சிரமப்படுகிற ஒரு துப்புரவுத் தொழிலாளியின் மகனுக்கும் அதே உரிமை உண்டு. மேதை என்று நிரூபித்துத்தான் மனிதனாக நடத்தப்பட வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

சான்றிதழுக்கு அலைந்த நான்கு நாள்

வட மாவட்டம் ஒன்றில் கூலி வேலை செய்கிற ஒரு தாயின் அனுபவத்தைச் சொல்கிறேன். மகன் பத்தாம் வகுப்பு. புதிதாக வந்த ஓர் ஆசிரியை கவனித்து, கற்றல் குறைபாடாக இருக்கலாம், சான்றிதழ் வாங்கினால் தேர்வில் சலுகை உண்டு என்று சொல்லியிருக்கிறார். முதல் நாள் மருத்துவமனைக்குப் போனால், இதற்குப் புதன்கிழமைதான் என்று அனுப்பிவிட்டார்கள். புதன்கிழமை போனால் உளவியலாளர் விடுப்பு. மூன்றாவது முறை பாதி சோதனை செய்து, மீதிக்குப் பக்கத்து மாவட்டம் போகச் சொன்னார்கள். நான்காவது நாள் அங்கே போய், கேள்விகள் ஆங்கிலத்தில் வர, பையன் வாயே திறக்கவில்லை. நான்கு நாள் கூலி, இரண்டு பேருக்கும் பேருந்துக் கட்டணம், சாப்பாடு. சான்றிதழ் கிடைப்பதற்குள் தேர்வுத் துறைக்கு விண்ணப்பிக்கும் தேதி முடிந்துவிட்டது. பையன் தமிழிலும் ஆங்கிலத்திலும் தவறினான். இப்போது பெயின்ட் அடிக்கப் போகிறான்.

தோற்றது யார்? புள்ளிவிவரத்தில் அவன் ‘இடைநின்றவன்’. அவ்வளவுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊனமுற்றோர் விகிதம் பட்டியல் சாதியினரிடம் 2.45 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதோரிடம் 2.18 சதவீதம். சத்துக்குறைவும் ஆபத்தான வேலையும் எட்டாத மருத்துவமும் எங்கே அதிகமோ அங்கே ஊனம் அதிகமாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கெடுப்பில் கற்றல் குறைபாடு என்று ஒரு கட்டமே இல்லை. எண்ணாதவர்களுக்கு ஏது ஒதுக்கீடு?

சட்டத்தின் 34ஆவது பிரிவு அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம் தருகிறது. அதில் ஒரு சதவீதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவற்றோடு இருப்பவர்களுக்கு. உயர்கல்வியில் 5 சதவீதம். எல்லாவற்றுக்கும் நுழைவாயில் 40 சதவீதக் குறைபாடு என்று எழுதிய அந்தச் சான்றிதழ். சான்றிதழை யார் வாங்க முடிகிறதோ அவர்களே இந்த இடங்களுக்குப் போக முடியும். கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் பெற்றவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், எத்தனை பேர் அரசுப் பள்ளியில் படித்தவர்கள்? மாவட்டவாரியாக இந்தக் கணக்கை அரசு வெளியிடட்டும்.

சான்றிதழ் இருந்தும் சண்டை போட வேண்டியிருக்கிறது என்பது வேறு கதை. 2021 நீட் தேர்வில் டிஸ்கிராஃபியா உள்ள ஒரு மாணவிக்குச் சேர வேண்டிய கூடுதல் ஒரு மணி நேரத்தைக் கொடுக்காமல் தாளைப் பிடுங்கினார்கள். அவர் உச்ச நீதிமன்றம்வரை போனார். அந்த ஆண்டு நவம்பரில், தேர்வு முகமை செய்தது தவறு, அதைச் சரிசெய்ய வழி காண வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. டெல்லிவரை போக முடிந்தவருக்கே இந்தப் பாடு.

சிறப்பு ஆசிரியர் எங்கே?

கண்டறிவது பாதி வேலை. மீதிப் பாதி கற்பிப்பது. டிஸ்லெக்சியாவுக்கு மாத்திரை கிடையாது. எழுத்தையும் ஒலியையும் பொறுமையாக, படிப்படியாக, திரும்பத் திரும்ப இணைத்துக் கற்றுக்கொடுப்பதுதான் மருந்து. அதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும்.

ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில், தொடக்கப்பள்ளியில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று விகிதம் வகுத்தது. 2025 மார்ச் 7 அன்று, நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கி அறிவிக்க மாநிலங்களுக்குக் கெடு வைத்தது. தமிழ்நாட்டில் நிலைமை என்ன? வட்டார வள மையத்தில் இருக்கிற சிறப்புப் பயிற்றுநர் தொகுப்பூதியத்தில், ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தில், பேருந்து ஏறி ஏறிப் பள்ளி பள்ளியாகப் போகிறார். ஒரு பிள்ளையைத் தேடி அவர் மறுபடி வருவதற்குள் அது போன தடவை கற்றதை மறந்திருக்கும். அவர் மேல் தப்பில்லை. அவர்களில் பலர் நம் வீடுகளிலிருந்து படித்து வந்த பெண்கள். அவர்கள் உழைப்பையும் சுரண்டித்தான் இந்த அமைப்பு ஓடுகிறது.

அந்தத் தொகுப்பூதியம் வருவது ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில். பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25ஆம் ஆண்டுக்கான 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்தது. மும்மொழி, இருமொழி என்று தலைவர்கள் மேடையில் மோதிக்கொண்டார்கள். அந்த மோதலில் ஒரு மொழியைக்கூட வாசிக்க முடியாமல் திணறுகிற பிள்ளையின் ஆசிரியர் சம்பளமும் சிக்கியது என்பதை எந்த மேடையிலும் கேட்கவில்லை. மத்திய அரசின் அடாவடியைக் கண்டிக்கிறோம். அதற்காக, நிரந்தரப் பணியிடம் உருவாக்க வேண்டிய கடமையிலிருந்து சமூகநீதி அரசு தப்பிக்க முடியாது.

இதற்கிடையில் 2024 டிசம்பரில் மத்திய அரசு ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்ச்சி பெறாதவர்களை நிறுத்திவைக்க வழி செய்துவிட்டது. தமிழ்நாடு இதை ஏற்கவில்லை, மகிழ்ச்சி. ஆனால் வாசிக்கத் தெரியாமலே ஒன்பதாம் வகுப்புவரை ஏற்றிவிட்டு அங்கே கைவிடுவதும் ஒருவகையில் வெளியேற்றம்தான். அவர்கள் ஐந்தாம் வகுப்பில் கதவைச் சாத்துகிறார்கள், நாம் பத்தாம் வகுப்பில் சாத்துகிறோம்.

என்ன கேட்க வேண்டும்

கேட்பதைத் தெளிவாகக் கேட்போம்.

ஒன்று, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் உட்பட, எல்லா அரசுப் பள்ளிகளிலும் கண்டறிதல் குழு அமைத்து, மூன்றாம் வகுப்பிலேயே சோதனை நடத்து.

இரண்டு, சோதனை தமிழில், தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து உருவாக்கப்பட்டதாக இருக்கட்டும். 85 என்ற வாசற்படியை எடு. வாசிக்கத் திணறுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலில் ஆறு மாதம் முறையான உதவி கொடு. அதற்குச் சான்றிதழ் கேட்காதே.

மூன்று, சான்றிதழ் முகாமை வட்டாரத்திற்குக் கொண்டு வா. கூலி போகிற தாயை மாவட்டத் தலைநகருக்கு அலையவிடாதே.

நான்கு, சிறப்பு ஆசிரியர்களை உச்ச நீதிமன்ற விகிதப்படி நிரந்தரமாக்கு. அதில் பட்டியல் சாதி, பழங்குடி இடஒதுக்கீட்டை முழுமையாக நிரப்பு.

ஐந்து, 17ஆவது பிரிவுக் கணக்கெடுப்பைச் சாதிவாரி விவரத்தோடு வெளியிடு. யாருக்கு உதவி போகிறது, யாரை ‘மெதுவாகக் கற்பவர்’ என்று ஓரங்கட்டுகிறீர்கள் என்பது இரண்டும் அதில் தெரிய வேண்டும்.

இதையெல்லாம் அரசு தானாகச் செய்யும் என்று காத்திருக்க வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் பெண்கள் உறுப்பினர்களாக, தலைவர்களாக இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இந்தப் பள்ளியில் கற்றல் குறைபாடு கண்டறிதல் குழு எங்கே?’ பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். மகளிர் மன்றத்தில், இரவுப் பாடசாலையில், அம்பேத்கர் படிப்பகத்தில் பாடம் நடத்துகிற தம்பி தங்கைகளே, உங்கள் கண் முன்னால் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. வாயால் நன்றாகப் பதில் சொல்லி, எழுத்தில் தடுமாறுகிற பிள்ளையின் பெயரைக் குறித்து வையுங்கள். அதன் பெற்றோரிடம் பேசுங்கள். தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். அந்தக் கடிதத்தின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எந்த வாத்தியாராவது நம் பிள்ளையை மரமண்டை என்று சொன்னால், திருப்பி ஒரே கேள்விதான்: ‘சோதிச்சுப் பாத்தீங்களா சார்? ரிப்போர்ட் எங்க?’

ஜெய் பீம்.